மஞ்சள் தண்ணீர் தெளித்த நாவல்

ஸாதனா டீச்சர் முதல் தடவை என் ஆட்டோவில் ஏறியபோது, போக வேண்டிய இடத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டு, "வந்துதா அண்ணா? கலூர்ல ஸ்டேடியத்துக்குப் பின்னாடியாக்கும்" என்றார். வந்தது இங்கிலீஷில் இருந்தது. நான் கையை நீட்டி போனைத் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன். பிறகு, "கண்ணாடி வீட்டுல இருக்கு டீச்சர்" என்றேன். எங்கள் வீட்டில் இருப்பது முகம் பார்க்கிற கண்ணாடி மட்டும்தான்.

அவர் வழி முழுக்க வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் முதல் அவரிடமிருந்து எனக்கு எழுத்தாக ஒன்று வந்ததே கிடையாது. எல்லாம் குரலாகத்தான் வரும். "எனக்கு டைப் பண்ண மஹா மடி அண்ணா. அதான் பேசி அனுப்பறேன்" என்று முதல் குரலிலேயே சொல்லிவிட்டார். மடி என்றால் எங்கள் ஊரில் சோம்பேறித்தனம். நானும் நம்பினேன். வருஷத்துக்கு முந்நூறு பக்கம் நாவலைத் தன் கையாலேயே டைப் அடிக்கிற மனுஷி அவர் என்று தெரிவதற்கு எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. தெரிந்த பிறகும் நான் கேட்கவில்லை. கண்ணாடி போட்டாச்சா என்று அவரும் கேட்கவில்லை.

என் பெயர் காளி. கொச்சியில், மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவன். அம்மன் கோவிலுக்கு அடுத்து அந்தக் காலத்தில் தமிழ் சொல்லித் தந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் அம்மன் விட்ட வழி, ஆட்டோ. டீச்சர் தன் வீட்டுக்காரரோடு எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி மாடியில் குடியிருந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் டீச்சரே இல்லை. கையில் புத்தகத்தோடு ஒரு பெண் நடந்தால் எங்கள் தெருவில் அவர் டீச்சர்தான், அவ்வளவுதான். "நான் எந்த ஸ்கூல்லயும் இல்லை அண்ணா, கதை எழுதறவளாக்கும்" என்று நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். "சரி டீச்சர்" என்றேன். பிறகு விட்டுவிட்டார்.

பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அவர் நாவல் எழுதுவது. அதுவும் தமிழில். எங்கள் ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய உண்டு. எல்லாம் வீட்டில் தமிழ் பேசும், பள்ளிக்கூடத்தில் மலையாளம் எழுதும். தமிழ் எழுத்தைக் காட்டினால் கல்வெட்டைப் பார்ப்பது போலப் பார்க்கும். இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த வயதுக்குத் தமிழில் எழுதுவது என்பது, மீன் மார்க்கெட்டில் துளசி மாலை விற்கிற மாதிரி. ஆனால் டீச்சருக்கு அந்தக் கவலை இருந்ததாக நான் பார்க்கவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் எழுதுவார். பிறகு பத்து மணிக்கு ஒரு பெரிய துணிப்பையோடு என் வண்டியில் ஏறுவார்.

அந்தப் பையில் தன் புத்தகத்தை விட அடுத்தவர் புத்தகம்தான் அதிகம் இருக்கும். முடிவெட்டுகிற கடையில் ஒன்று வைப்பார். ஹேர் டை காய உட்கார்ந்திருந்த ஒருவர் பன்னிரண்டு பக்கம் படித்தார் என்று அந்தக் கடைக்காரர் சொன்ன அன்றைக்கு, "பன்னிரண்டு பக்கம் அண்ணா! டை காயறதுக்கு இன்னும் கொஞ்சம் நேரமாயிருந்தா அத்தியாயம் முடிஞ்சிருக்கும்" என்று ஃபோர்ட் கொச்சி வரைக்கும் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தார். ரேஷன் கடையில் வரிசையில் நிற்பவர்களுக்கு, பக்கத்துக்கு நடுவில் வைக்கிற அட்டை ஒன்று கொடுப்பார். அதைப் பல பேர் டோக்கன் என்று நினைத்துக் கடைக்காரரிடம் நீட்டினார்கள். மூன்றாம் நாள் கடைக்காரர், "டீச்சரே, தயவு செய்து அரிசி போட விடுங்க" என்று கும்பிட்டார்.

இது தவிர, புத்தகங்களுக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற வழக்கமும் அவருக்கு உண்டு. எந்த ஊரில் எந்த எழுத்தாளர் பிள்ளைகளுக்குப் புத்தகம் போட்டாலும், அது வெளிவந்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்வார். அன்றைக்கு அரை லிட்டர் பாலில் சேமியா பாயசம் வைத்து, தூக்கில் ஊற்றி, புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துப் போனில் போடுவார். பாயசம் எனக்கும் ஜங்கார் டிக்கெட் கொடுக்கிறவருக்கும். வண்டிகளை ஏற்றிக்கொண்டு எதிர்க்கரையில் இருக்கிற வைப்பினுக்குப் போகிற படகைத்தான் நாங்கள் ஜங்கார் என்போம்.

ஒருநாள் மதுரைக்காரர் ஒருவரின் புத்தகத்துக்குப் பிறந்தநாள் என்றார். வெறும் பாயசத்தோடு விடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பிறந்தநாள் என்றால் அர்ச்சனை வேண்டாமா? காலண்டரைப் பார்த்தேன், உத்திரம். அம்மன் கோவிலில் ரசீது எழுதுகிறவரிடம் புத்தகத்தின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தினார்.

"இது ஆணா பெண்ணா காளி?"

"புஸ்தகம்."

"வயசு?"

"ஒண்ணு முடியுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். பூசாரியும் குடும்பம் குழந்தை குட்டிகளோடு நீண்ட ஆயுள் வேண்டும் என்று புத்தகத்துக்காக வேண்டிக்கொண்டார். குங்குமத்தை டீச்சர் மதுரைக்குத் தபாலில் அனுப்பினார். அந்த எழுத்தாளர் போனில் கூப்பிட்டு, என் பிறந்தநாளுக்கே இதுவரைக்கும் யாரும் அர்ச்சனை செய்ததில்லை என்றாராம். அதிலிருந்து நட்சத்திரம் பார்ப்பது என் வேலை ஆயிற்று.

இப்படி ஊரில் இருக்கிற எல்லாப் புத்தகத்துக்கும் ஓடினவர், தன் புத்தகத்துக்கு ஒரு சோதனை வந்தபோது திணறிப் போனார்.

அவருடைய புது நாவலின் பெயர் 'ஜங்காரில் ஏறிய சைக்கிள்'. ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிளோடு படகில் ஏறிவிடுகிறாள், அதுதான் கதை. பாதிக் கதை இந்தப் புத்தகத்தில், மீதி இரண்டாம் பாகத்தில். இரண்டாம் பாகத்தையும் எழுதி முடித்து வைத்திருந்தார். அச்சிடுகிறவர் அனந்தநாராயணன் என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர். அவர் போனில் சொன்னது வண்டிக்குள் எனக்கும் கேட்டது.

"அம்மா, நீங்க ஊர்ப் புஸ்தகத்துக்கெல்லாம் பாயசம் வைக்கறீங்க. உங்க புஸ்தகத்தை உங்க ஊர்ல யார் படிக்கறா? ரெண்டாம் சனிக்கிழமை நானே வர்றேன். படிச்ச பிள்ளைங்க பத்துப் பேர் என் முன்னாடி எழுந்து நின்னு பேசட்டும். ரெண்டாம் பாகம் அச்சுக்குப் போகும். இல்லேன்னா மன்னிச்சுக்குங்க."

போனை வைத்த டீச்சர் தோப்பும்படி போகிற வரைக்கும் துணிப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாக, "அந்தப் பொண்ணு நடுத் தண்ணியில நிக்கறா அண்ணா. அவளைக் கரை ஏத்தாம எப்பிடி விடறது?" என்றார். அவர் கண் நிறைந்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். ரெண்டாம் சனிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

மறு வாரம் புத்தகங்கள் பெட்டியாக வந்தன. எர்ணாகுளத்தில் பார்சல் ஆபீஸிலிருந்து எடுத்து வரச் சொல்லிக் குரல் அனுப்பியிருந்தார். ஐம்பது புத்தகம். எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சோதனைக் காலம் அல்லவா? புது வண்டி வாங்கினால் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடாமல் ஒரு அடி ஓட்ட மாட்டோம். புத்தகமும் நாலு இடம் ஓட வேண்டியதுதானே என்று கோவில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். பெட்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தேன். மூடிக் கிடந்தால் அம்மன் எப்படிப் பார்ப்பாள் என்று பெட்டியைத் திறந்தும் வைத்தேன். பூசாரி தாராளமான மனுஷர். வேப்பிலைக் கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கி, லாரிக்குத் தெளிக்கிற மாதிரி மூன்று முறை வீசித் தெளித்தார்.

வெள்ளை அட்டை. அதில் நீலப் படகு. அதன் மேல் மஞ்சள்.

டீச்சர் வீட்டு மாடிப்படியில் பெட்டியை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றேன். அவர் ஒன்றை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து வேப்பிலை ஒன்று விழுந்தது.

"எல்லாமா அண்ணா?"

"அடியில இருக்கறது தப்பிச்சிடுச்சு டீச்சர். மேல இருக்கற முப்பத்தாறுதான்..."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்குகிறது, சத்தம் வரவில்லை. கடைசியில் பார்த்தால் சிரிப்பு. மூச்சு விட முடியாத சிரிப்பு.

"எம் புஸ்தகத்துக்கு அம்மை போட்டிருக்கு அண்ணா!" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணும் விஷமிக்க வேண்டாம், வருத்தமே படாதேங்கோ. கடைக்கு இதைக் குடுக்க முடியாது. பிள்ளைகளுக்கு சும்மாக் குடுக்கலாம். படிக்கறவா அட்டையையா படிக்கப் போறா?"

அதன்பிறகு மூன்று வாரம் பிள்ளைகளைத் தேடி அலைந்தோம். திருப்பூணித்துறையில் ஒரு மாமி, தன் மகள் பிரெஞ்சு படிக்கிறாள், ஹிந்தி படிக்கிறாள், சமஸ்கிருதம் படிக்கிறாள் என்று வரிசையாகச் சொன்னார். "தமிழ்?" என்று டீச்சர் கேட்டதற்கு, "அதைத்தான் ஆத்துல பேசறோமே, அப்பறம் எதுக்குப் படிக்கணும்?" என்றார். கலூரில் ஒரு பெண், "ஆன்ட்டி, இது கேக்கற மாதிரி கிடைக்குமோ? நான் பாத்திரம் தேய்க்கறப்போ கேப்பேன்" என்றாள். இன்னொருத்தி படித்தே காட்டினாள், கடகடவென்று. டீச்சர் முகம் மலர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, அவள் படித்தது பின் அட்டையில் இருந்த கோயம்புத்தூர் விலாசம். தமிழ்நாட்டு பஸ் போர்டு பார்த்துப் பழகிய எழுத்தாம் அது. மூன்று வாரத்தில் கிடைத்தது இரண்டு பேர், ஸுப்ரியாவும் அம்ருதாவும், இருவரும் திருப்பூணித்துறை. பாக்கி எட்டு.

மஞ்சள் புத்தகங்களின் மூட்டை என் வண்டியின் பின்னால்தான் கிடந்தது. காலையில் எங்கள் காலனிப் பிள்ளைகள் எட்டுப் பேரை வைப்பினில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது என் வழக்கம். ஜங்காருக்கு வரிசையில் அரை மணி நேரம் நிற்க வேண்டிவரும். அந்த அரை மணியில் எட்டும் ஒன்றையொன்று கிள்ளும். தேடி அலைந்த முதல் வாரத்திலேயே ஒருநாள் சத்தம் பொறுக்காமல் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து, "கதை படிக்கறேன், வாயை மூடுங்க" என்றேன்.

நாலாம் வகுப்புத் தமிழ், நாற்பது வருஷம் கழித்து. ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு, சேர்த்து, வார்த்தையாக்கி, வார்த்தையைத் திரும்பச் சொல்லிப் பார்த்து அடுத்ததற்குப் போவேன். அரை மணியில் ஒரு பக்கம் கூட முடியவில்லை. அந்தப் பெண் சைக்கிளைப் படகின் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறாள், காவல்காரர் கையைத் தூக்குகிறார், அதற்குள் எங்கள் ஜங்கார் வந்துவிட்டது.

"மாமா, அவர் விட்டாரா இல்லையா?" என்றாள் அம்பிளி. எட்டாம் வகுப்பு, எட்டுப் பேருக்கும் அவள்தான் தலைவி.

"நாளைக்கு."

மறுநாளும் காவல்காரர் கை மேலேயே இருந்தது. எனக்கு ஒரு நீளமான வார்த்தை மாட்டிக்கொண்டது.

"மாமா, கொஞ்சம் ஸ்பீடா படிங்க. அவருக்குக் கை வலிக்கும்" என்றாள் அம்பிளி.

"வண்டி ஓட்டற ஸ்பீடுல படிக்கச் சொல்லு" என்றான் ஜிதின்.

"ஐயோ, வேண்டா! மாமன் வண்டியும் இதே ஸ்பீடுதான்!"

எட்டும் சிரித்தன. மூன்றாம் நாள் அம்பிளி என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். "இதுல பாதி எழுத்து நம்ம மலையாள எழுத்து மாதிரிதன்னே இருக்கு. பாக்கியை எழுதித் தாங்க மாமா" என்றாள். ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்தைப் பார்த்து அதற்கும் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். அவள் தாண்டிப் போனது தாங்காமல் ஜிதின் ஒரு புத்தகம் கேட்டான். அவனைப் பார்த்து மற்றவர்கள். வேறு ஒன்றும் இல்லை, என் வாயிலிருந்து அடுத்த வார்த்தை வரும் வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். நானும் விடாமல் என் வேகத்தில் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். போகப் போக ராத்திரி சாமி கும்பிட்டுவிட்டு நாலு பக்கம், காலையில் ஒரு பக்கம்.

டீச்சரிடம் சொல்லவில்லை. பாதியில் பிள்ளைகள் விட்டுவிட்டால் அவர் மனசு இன்னொரு முறை உடையும். அதோடு, நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

ரெண்டாம் சனி வந்தது. மட்டாஞ்சேரியில் வாசகசாலை மாடியில் கூட்டம். டீச்சர் பாயசம் வைத்திருந்தார், தன் புத்தகத்துக்கு முதல் தடவையாக. அனந்தநாராயணன் கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்ருதாவுக்குக் காய்ச்சல். ஆக ஸுப்ரியா ஒருத்தி. அவளைச் சுற்றி நாற்பது காலி நாற்காலி. நான் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தபோது டீச்சர் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். நேராக இருந்த நாற்காலிகளைத்தான்.

நான் போய் எட்டையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். மஞ்சள் அட்டைகளோடு தடதடவென்று மாடி ஏறினார்கள். டீச்சர் ஒரு கையில் நாற்காலியோடு அப்படியே நின்றார்.

அனந்தநாராயணன் விரல்விட்டு எண்ணினார். "எட்டு. இந்தப் பொண்ணோட ஒம்பது. பத்து சொன்னேனே அம்மா."

"காளி மாமனும் படிக்கறார்!" என்று அம்பிளி கத்தினாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார்.

"பிள்ளைங்கன்னு சொன்னேன். இவருக்கு ஐம்பது இருக்குமே" என்றார் அனந்தநாராயணன்.

டீச்சர் நாற்காலியைக் கீழே வைத்தார். "எத்தனாங் கிளாஸ் அண்ணா நீங்கோ?"

"நாலு, டீச்சர். அஞ்சுக்குப் போகல."

"கேட்டேளா சார்? நாலாங் கிளாஸ். இன்னும் ஹைஸ்கூலே எட்டலை."

அனந்தநாராயணன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "சரி. எல்லாரும் பேசுங்க. கடைசியில அந்தப் பொண்ணு செஞ்சது சரியா தப்பா? முதல்ல நீ சொல்லும்மா."

ஸுப்ரியா எழுந்து, "அவள் கடைசியில சைக்கிளை—" என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாதே!" என்று எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். அம்பிளி ஓடிப்போய் என் காதைப் பொத்தினாள். "மாமனுக்கு இன்னும் பதினோரு பக்கம் பாக்கி இருக்கு! நாங்களே ஒரு வாரமா வாயை மூடிக்கிட்டு இருக்கோம்!"

"அப்போ அவர் படிச்சு முடிக்கலையே?" என்றார் அனந்தநாராயணன்.

"முடிக்கல. ஆனா விடலையே!" என்றான் ஜிதின். "சார், நீங்க கடைசியைக் கேக்காதீங்க. முதல்ல இருந்து கேளுங்க. அந்தக் காவல்காரர் செஞ்சது தப்பு."

"தப்பில்ல. ரூல் அதுதான்" என்றாள் ஸுப்ரியா.

அங்கே தொடங்கியது. ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் எட்டியிருந்த நூற்றுப் பதினேழாம் பக்கத்தை யாராவது தாண்டினால் உடனே என் காது பொத்தப்பட்டது. கடைசியில் அனந்தநாராயணன் என்னைக் கேட்டார்: "நீங்க சொல்லுங்க, இதுவரைக்கும் எப்படி?"

அம்மனை நினைத்துக்கொண்டு, "எல்லாம் சரி சார். ஜங்கார் திரும்பறபோது சைக்கிள் இடது பக்கம் சரியும்னு டீச்சர் எழுதியிருக்காங்க. வலது பக்கம்தான் சரியும். தினமும் பாக்கறேன். அதை ரெண்டாவது புஸ்தகத்துல சரி பண்ணணும்" என்றேன்.

"ரெண்டாவது புஸ்தகம்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"அந்தப் பொண்ணு நடுத் தண்ணியில நிக்குது சார்" என்றேன்.

அவர் கறுப்புப் பையை டீச்சர் பக்கம் நீட்டி, எழுதி முடித்ததை இதில் போடுங்கள் என்றார். பிறகு மஞ்சள் அட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்து, இது அச்சாபீஸ் தப்பா என்று கேட்டார். "இல்ல, அம்மன் தெளிச்சது" என்றார்கள் எட்டுப் பேரும். பாயசம் பத்தவில்லை.

இரண்டாம் பாகம் வெளிவருவதற்கு முன்பே டீச்சரின் வீட்டுக்காரருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. எர்ணாகுளம் ஸ்டேஷனுக்கு என் வண்டியில்தான் வந்தார்கள். வழியெல்லாம் டீச்சர் முடிவெட்டுகிற கடையில் மாற்ற வேண்டிய புத்தகங்களையும், யார் யார் புத்தகத்துக்கு எப்போது பிறந்தநாள் என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தார். ரயிலில் ஏறினதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கம்பி வழியாக என் கையில் ஒரு சின்னக் கூட்டைக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு, காலி.

"உள்ளே கண்ணாடி இல்லை அண்ணா. உங்களுக்கு வேண்டாம்னு எனக்குத் தெரியும்" என்றார். வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். அவர் தலையை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"எனக்கு மடியெல்லாம் மாறியாச்சு, கேட்டேளா? இனிமே பேசி அனுப்ப மாட்டேன். தமிழ்ல டைப் பண்ணித்தான் அனுப்புவேன். பையப் படிச்சாப் போரும்!"